ஆற்றுமுகத் துறைக்கு ஒரு படகுப் பயணம்



விடுமுறை வந்துவிட்டால் நம் கேமரன் மலைக்குப் பேருந்து பேருந்தாக மக்கள் வந்து இறங்குகிறார்கள். தேயிலைச் சரிவில் நின்று படம் பிடிக்கிறார்கள். குளிருக்கு இதமாகத் தேநீர் அருந்துகிறார்கள். காய்கறியும் ஸ்ட்ராபெரியும் வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பசுமைக்கு நடுவே நனைந்த துணியோடு நிற்கிறவர் எத்தனை மணிக்குப் பெரட்டுக்கு வந்தார், கொழுந்தை எந்தப் பருவத்தில் எடுக்கிறார், வளர்ந்த செடியை ஏன் கவாத்து வெட்டுகிறோம் என்று கேட்கிறவர் அவர்களிலே சிலர்தாம். அப்படிக் கேட்கிறவரைக் கண்டால் நமக்கு மனம் குளிர்கிறது. ஒரு வார்த்தையும் பேசாமல் முகத்துக்கு நேரே படக்கருவியை நீட்டுகிறவரைக் கண்டால் நம் முகம் தானே திரும்பிக்கொள்கிறது.

இன்று நாம் திசையை மாற்றிக்கொள்வோம். மலைக்கு வருகிறவர்களை விட்டுவிட்டு, மலையிலிருந்து கடற்கரைக்குப் போகிற நம்மைப் பற்றிப் பேசுவோம். பள்ளிச் சுற்றுலாவாகவோ, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகவோ, இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றாக ஒரு வேன் பிடித்தோ நாம் கடலோரம் போகிறோம். போன இடத்தில் படகேறி ஒரு மீனவர் துறையைச் சுற்றிப் பார்க்கிறோம். அந்தத் துறையும் ஒரு தோட்டத்தைப் போன்றதே. அங்கேயும் மக்கள் வேலை செய்து பிழைக்கிறார்கள். நம் மலைக்கு எப்படிப்பட்ட விருந்தினர் வரவேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அப்படிப்பட்ட விருந்தினராக நாம் அங்கே போக வேண்டும். அதற்குத் துறையைப் பற்றிச் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது. பத்திரமாகப் போய்த் திரும்பும் வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்கு எட்டக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரு நல்ல துறை, பேராக் மாநிலத்தின் கோலா செபெத்தாங். தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ மலையை விட்டு இறங்கி, ஈப்போவைக் கடந்து தைப்பிங் நகரை அடைந்தால், அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் இந்த ஊர் இருக்கிறது. கோலா என்றால் மலாய் மொழியில் ஆற்றின் முகம். செபெத்தாங் ஆற்றின் கரையில், கடலுக்குச் சற்று உள்ளே தள்ளி இந்தத் துறை அமைந்திருக்கிறது. மரக்கால்கள் மேல் நிற்கும் வீடுகள், அவற்றுக்குப் பின்னால் கட்டிய மீன்பிடி படகுகள், பனிக்கட்டி ஏற்றும் மேடை, இறாலும் மீனும் விற்கும் கடைகள், இவையே ஊர். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் சீன மீனவக் குடும்பத்தார்.

இந்த ஊருக்கு முன்பு வேறொரு பெயர் இருந்தது. போர்ட் வெல்ட் என்று அழைத்தார்கள். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த சர் பிரடெரிக் வெல்ட் என்பவரின் பெயர் அது. தைப்பிங்கைச் சுற்றி இருந்த லாரூட் ஈயச் சுரங்கங்களிலிருந்து ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுவர ஒரு துறை வேண்டியிருந்தது. எருமை வண்டியும் யானையும் போதவில்லை. ஆகவே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரைக்கும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இரயில் பாதை போட்டார்கள். 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. மலாயா மண்ணில் ஓடிய முதல் இரயில் அதுதான்.

அந்தப் பாதையைப் போட்டவர்கள் யார் தெரியுமா? இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையின் இரண்டு பிரிவுகள். காட்டை வெட்டி, சேற்றைத் திருத்தி, அதன் மேல் தண்டவாளம் பதித்தார்கள். அதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகளில் மலாயா இரயில் பாதைகளில் மண் சுமந்ததும் சரளைக்கல் கொட்டியதும் பெருமளவில் தமிழர் கைகளே. இன்று அந்தத் துறையில் இரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஆனால் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைத்தெருவில் இன்னும் நிற்கிறது. அதில் ஊரின் பெயர் நான்கு எழுத்துகளில் எழுதியிருக்கிறது: ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் படகுத்துறைக்கு ஓடுவதற்கு முன் அந்தப் பலகையின் முன் ஐந்து நிமிடம் நிறுத்தி, தமிழ் வரியை அவர்களே எழுத்துக்கூட்டிப் படிக்கச் செய்யுங்கள். நம் பாட்டன்மார் காலத்து மக்கள் இங்கே இரயிலேறி இறங்கினார்கள் என்பதற்கு அந்த எழுத்துகளே சாட்சி.

இனிப் படகைப் பற்றிப் பேசுவோம். துறையில் இறங்கியதும் படகோட்டியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'எவ்வளவு பணம்?' என்றுதான் பலரும் கேட்கிறோம். அதற்கு முன், 'தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா?' என்று கேளுங்கள். தோட்டத்தின் நாளைப் பெரட்டுச் சங்கு நடத்துவதுபோல, துறையின் நாளைக் கடலின் ஏற்றவற்றம் நடத்துகிறது.

ஏற்றவற்றம் என்பது என்ன? சந்திரனும் சூரியனும் பூமியைத் தம் பக்கம் இழுக்கின்றன. இதில் கடல்நீரை ஏற்றி இறக்குவதில் சந்திரனின் பங்கே பெரிது. திடமான தரை அந்த இழுப்புக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. கடல்நீரோ அசைந்து கொடுக்கிறது. அதனால் இந்தக் கரையில் ஒரு நாளில் இருமுறை தண்ணீர் ஏறுகிறது, இருமுறை இறங்குகிறது. ஏறுவதை மலாய்க்காரர் ஆயெர் பாசாங் என்பார்கள். இறங்குவதை ஆயெர் சுருட் என்பார்கள். காலை 6 மணிக்கு நீர் நிறைந்திருந்தால், நண்பகலுக்குச் சற்றுப் பின் அது வற்றியிருக்கும். மாலை ஏறக்குறைய 6 மணி 25 நிமிடத்துக்கு மீண்டும் நிறையும். மறுநாள் காலை நிறைவதற்கு 6 மணி 50 நிமிடம் ஆகிவிடும். இப்படி நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். சந்திரன் நாள்தோறும் அவ்வளவு நேரம் பிந்தி உதிப்பதே அதற்குக் காரணம்.

நம் வீட்டுப் பெரியவர்கள் அமாவாசையும் பௌர்ணமியும் பார்க்கிறார்கள் அல்லவா? மீனவரும் பார்க்கிறார். அந்த இரண்டு நாள்களிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுக்கின்றன. அந்த நாள்களை ஒட்டித் தண்ணீர் மிக உயரமாக ஏறும், மிகத் தாழ்வாக இறங்கும். அரை நிலா நாள்களில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. செபெத்தாங் போன்ற ஆற்றுமுகத்தில் பெரிய ஏற்றத்துக்கும் பெரிய வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு இரண்டு மூன்று மீட்டர் இருக்கும். அதாவது ஒரு வீட்டுக் கூரையின் உயரம். காலையில் படகு மிதந்த இடம் நண்பகலில் வெறும் சேறாகக் கிடக்கும். அந்த நேரத்தில் படகை எடுத்தால் விசிறி சேற்றில் மாட்டிக்கொள்ளும். ஆகவே, 'இப்போது போகவேண்டாம், இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள்' என்று படகோட்டி சொன்னால், அவர் சோம்பலால் சொல்கிறார் என்று எண்ணிச் சலித்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் அவருக்கு இட்ட உத்தரவை அவர் நமக்குச் சொல்கிறார்.

தண்ணீருக்கு அடுத்தபடியாக வானத்தைப் பார்க்க வேண்டும். மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையான காலத்தில், சுமத்ரா என்ற பெயரிலேயே ஒரு காற்று வரும். இரவில் மலாக்கா நீரிணையின் மேல் மேகம் திரண்டு, விடியற்காலையிலோ காலைப் பொழுதிலோ பலத்த காற்றோடும் இடிமழையோடும் கரையைத் தாக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்தும் போகும். அந்த நேரத்தில் சிறு படகு ஆற்றுமுகத்துக்கு வெளியே இருக்கக் கூடாது. நம் பகாங் மாநிலத்தின் கரையோ தென்சீனக் கடலைப் பார்த்தது. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அந்த மாதங்களில் கிழக்குக் கரைத் தீவுகளுக்குப் படகு ஏறும் எண்ணத்தை விட்டுவிடுவதே அறிவு.

நேயர்களே, அடுத்துச் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவருகே சுற்றுலாப் பயணிகள் ஏறிய படகு ஒன்று கவிழ்ந்து மூவர் உயிரிழந்தார்கள். அவர்களில் இருவர் சிறு பிள்ளைகள். விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழிக்கப் போன குடும்பங்களுக்கு அது நேர்ந்தது. நம் பிள்ளைகள் மலையிலே பிறந்து வளர்ந்தவர்கள். ஓடையில் கால் நனைத்திருப்பார்கள். ஆழ்ந்த நீரில் நீந்தத் தெரிந்தவர் மிகச் சிலர். ஆகவே சில விதிகளை நாம் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதலாவது, மிதவைச் சட்டை. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும். மடியில் இருக்கும் குழந்தைக்கும் தனியாக ஒன்று வேண்டும். அது எப்படி நம்மைக் காக்கிறது? மனித உடல் தண்ணீரைவிட மிகச் சிறிதளவே கனமானது. சட்டைக்குள் இருக்கும் மென்மையான நுரைப்பொருள் அந்தச் சிறு வேறுபாட்டை ஈடுசெய்து, வாயும் மூக்கும் நீருக்கு மேலே இருக்கும்படி தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் உடம்போடு இறுக்கமாகக் கட்டினால்தான் அது உதவும். கட்டாத சட்டை தண்ணீரில் தலைவழியே கழன்று தனியே மிதக்கும், பிள்ளை தனியே மூழ்கும். பிள்ளைக்கு மாட்டியபின் இரண்டு தோள்பட்டையிலும் சட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறி வந்தால் அளவு பெரிது, வேறு கேளுங்கள். கால்களுக்கு இடையே மாட்டும் பட்டி இருந்தால் அதையும் மாட்டுங்கள். சட்டையை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, 'ஆபத்து வந்தால் எடுத்துக்கொள்ளலாம்' என்பது வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டப் போவது போன்றது.

இரண்டாவது, ஆள் எண்ணிக்கை. இந்தப் படகு எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். பிள்ளைகளும் ஆள்களே. 'சின்னப் பிள்ளைதானே, மடியில் இருக்கட்டும்' என்று கணக்கில் சேர்க்காமல் ஏற்றக்கூடாது. இடம் போதவில்லையென்றால் இரண்டு நடையாகப் போவோம். பணம் கொஞ்சம் கூடும், போகட்டும்.

மூன்றாவது, அமர்ந்த இடத்திலேயே அமர்ந்திருத்தல். லாரியில் கொழுந்து மூட்டைகளை ஒரே பக்கமாக அடுக்கினால் வளைவில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். படகும் அப்படித்தான். பாரம் நடுவிலும் தாழ்விலும் இருக்கும்வரை அது நிலையாக நிற்கும். 'அதோ பருந்து!' என்று ஒருவர் கூவ, எல்லாரும் எழுந்து ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் அந்தப் பக்கம் சாயும். எந்தப் பக்கத்தில் எதைக் கண்டாலும் இருந்த இடத்திலிருந்தே தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்குங்கள். யாரேனும் தவறி விழுந்துவிட்டால், பாசத்தால் உடனே பின்னால் குதிக்காதீர்கள். படகோட்டியிடம் உரக்கச் சொல்லி இயந்திரத்தை நிறுத்தச் செய்து, மிதக்கும் பொருள் எதையாவது அவர் பக்கம் எறியுங்கள்.

இத்தனையும் ஆனபின் படகு புறப்படட்டும். துறையை விட்டு நகர்ந்ததும் இரு கரையிலும் காடு தொடங்குகிறது. நம் மலைக்காட்டைப் போன்றதல்ல அது. உப்புத்தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் அலையாத்திக் காடு. மாத்தாங் காடு என்று பெயர். ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள இந்தக் காடு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்திலும் இதே வகைக் காடு இருக்கிறது. அங்கேயும் மக்கள் படகேறிச் சுற்றிப் பார்க்கிறார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே இவ்வகைக் காட்டில் வளரும் தில்லை மரத்தால்தான். ஆகவே நம் முன்னோருக்கு இந்தக் காடு புதிதல்ல.

இங்கே மிகுதியாக நிற்பது பாக்காவ் மரம். அதன் வேர்கள் அடிமரத்திலிருந்து பக்கவாட்டில் வளைந்து, முட்டுக்கொடுத்த கழிகளைப் போலச் சேற்றில் இறங்கியிருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லை. ஆகவே வெளியே தெரியும் வேர்ப்பகுதி மரத்துக்காக மூச்சு விடுகிறது. இந்த மரத்தின் விதையோ இன்னும் வியப்பு. மற்ற விதைகள் மண்ணில் விழுந்தபின் முளைக்கும். இது தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, ஒரு முழ நீளத்துக்குப் பச்சை ஈட்டிபோல வளர்ந்துவிடும். வற்றிய நேரத்தில் விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். நீர் நிறைந்த நேரத்தில் விழுந்தால் மிதந்து போய் வேறு கரையில் வேர் பிடிக்கும். அந்த வேர்களின் நிழலில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. காடு அழிந்தால் மீனவர் வலையும் வெறுமையாகும்.

இந்தக் காட்டை வேலி போட்டு வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வெட்டுகிறார்கள், ஆனால் முறையோடு வெட்டுகிறார்கள். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை வெட்டினால் அதே பகுதிக்கு மீண்டும் கத்தி வர 30 ஆண்டு ஆகும்படி ஒழுங்கு செய்திருக்கிறார்கள். இடையில் 15-ஆம் ஆண்டிலும் 20-ஆம் ஆண்டிலும் நெருக்கமாக நிற்கும் மரங்களைக் கலைத்துவிடுகிறார்கள். வெட்டிய இடத்தில் தானாக முளைக்காவிட்டால் நடுகிறார்கள். தேயிலைக்குக் கவாத்துச் சுற்று வைத்திருக்கும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இன்று வெட்டும் மரத்தை நட்டவர் ஒருவர், இன்று நடும் மரத்தை வெட்டப்போகிறவர் இன்னொருவர். இந்த ஒழுங்கு நூறாண்டுக்கு மேல் நிலைத்திருப்பதால்தான் உலகமெங்கிலுமிருந்து காட்டியல் அறிந்தோர் மாத்தாங்கைப் பார்க்க வருகிறார்கள்.

வெட்டிய மரம் எங்கே போகிறது? கரையோரத்தில் உள்ள கரி ஆலைகளுக்கு. நீர் ஏறும் நேரத்தில் மரம் ஏற்றிய படகுகள் வாய்க்கால் வழியே ஆலையின் வாசலுக்கே வந்துவிடும். செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய, கவிழ்த்த பானை போன்ற பெரிய சூளைகள் அங்கே வரிசையாக நிற்கும். பட்டை உரித்த மரத்துண்டுகளை உள்ளே நிற்கவைத்து அடுக்கி, வாயிலில் மட்டும் தீ மூட்டுகிறார்கள். உள்ளே உள்ள மரம் எரிவதில்லை. வெப்பத்தில் அதன் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. பத்து நாள் அளவு பெருந்தீ, பின்பு இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சிறுதீ, அதன் பின் எல்லாத் துளைகளையும் அடைத்து ஆறவிடுதல். ஆக ஒரு சூளைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கிறது. 40 டன் பச்சை மரம் உள்ளே போனால் 10 டன் அளவு கரி வெளியே வரும். தீயைக் கூட்டுவதா, குறைப்பதா என்பதை அனுபவசாலி புகையின் மணத்தையும் நிறத்தையும் கொண்டே முடிவு செய்கிறார். நம் ஆலையில் வாட்டிய கொழுந்தைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தே பதம் சொல்கிறவர்கள் இருந்தார்கள் அல்லவா? அவர்களுக்கு இவர் உறவுக்காரர் என்றே சொல்லலாம்.

படகு மேலும் போனால் ஆறு அகலமாகி, கடல் தெரியத் தொடங்கும். ஆற்றுமுகத்தில் கோலா சங்கா என்ற சிற்றூர் இருக்கிறது. சாலை இல்லாத ஊர். படகுதான் அதற்குப் பேருந்து, லாரி, பள்ளி வண்டி எல்லாம். வீடுகள் நீருக்கு மேலே கால்களில் நிற்கின்றன. அருகில் மிதக்கும் சட்டங்களில் வலைக்கூண்டுகளைத் தொங்கவிட்டு, கொடுவா போன்ற மீன்களைத் தீனி போட்டு வளர்க்கிறார்கள். சற்று அப்பால் சேற்றுத்திட்டுகளில் கெராங் வளர்க்கிறார்கள். அவிக்கும்போது சிவந்த சாறு விடும் அந்தச் சிப்பியை நாம் சந்தையில் பார்த்திருக்கிறோம். நம் இரத்தத்தில் உள்ள அதே வகைச் செந்நிறப் பொருள் அதன் உடலிலும் இருப்பதே அந்த நிறத்துக்குக் காரணம். பொடிக் குஞ்சுகளைச் சேற்றில் விதைபோலத் தூவி, வளர்ந்தபின் வாரி எடுக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் இந்த விளைச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆற்று வழியே வந்து சேரும் அழுக்கும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மீனவர் வருமானம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். நமக்குக் கொழுந்தின் எடையைப் பார்த்துக் கூலி. அவருக்கு மீனின் எடையைப் பார்த்து வருமானம். மழை பிடித்துக்கொண்டால் நமக்கு வேலை கெடும். காற்று பிடித்துக்கொண்டால் அவருக்குக் கெடும். கொழுந்து நேரத்தோடு ஆலைக்குப் போகாவிட்டால் வெந்துவிடும். மீன் நேரத்தோடு பனிக்கட்டிக்குள் போகாவிட்டால் கெட்டுவிடும். அதனால்தான் படகு கரை சேர்ந்ததும் அங்கே எல்லாரும் ஓட்டமும் நடையுமாக இருக்கிறார்கள். ஆண்கள் கூடை இறக்க, பெண்கள் தரம் பிரிக்க, பெரியவர்கள் வலை தைக்க, ஒரு குடும்பமே அந்த வேலையில் இருக்கும். அந்த நேரத்தில் வழியில் நின்று படம் பிடிப்பது நிறுவைத் தராசின் முன்னால் வந்து நிற்பதற்குச் சமம். ஓரமாக நில்லுங்கள். வேலை ஓய்ந்தபின் புன்னகையோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் 'போலே?' என்று கேளுங்கள். கேட்ட பின் எடுத்த படத்தில் முகம் மலர்ந்திருக்கும்.

அங்கே வானில் வட்டமிடும் செந்நிறப் பருந்துகளைக் காண்பீர்கள். வெண்மையான கழுத்தும் செம்பழுப்புச் சிறகும் கொண்ட அதைத்தான் நாம் கருடன் என்கிறோம். கும்பாபிஷேகத்தன்று ஒன்று தென்பட்டாலே கைகூப்புகிறோம். இங்கே பல ஒன்றாகப் பறக்கும். சில இடங்களில் படகோட்டிகள் கோழித்தோலை நீரில் வீசி அவற்றைக் கூட்டுகிறார்கள். பார்க்க வேடிக்கைதான். ஆனால் கொழுப்பு மிகுந்த அந்தத் தோல் மீனுண்ணும் பறவைக்கு ஏற்ற உணவல்ல. இரை தேடும் வழக்கமும் அதற்குக் குறைந்துவிடும். 'எங்களுக்காக வீச வேண்டாம், பறந்தால் பார்த்துக்கொள்கிறோம்' என்று தன்மையாகச் சொல்லலாம். மாலையில் போகிறவர்களுக்கு ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி அணைவதைக் காணும் பேறு கிடைக்கும். அப்போது கைவிளக்கை அடிக்காதீர்கள். அந்த மின்னல்தான் அவை தம் இணையை அழைக்கும் மொழி. நம் விளக்கு அந்தப் பேச்சைக் குலைத்துவிடும்.

இனி, துறைக்கும் நம் மலைக்கும் உள்ள ஒரு தொடர்பைச் சொல்லி முடிப்போம். துறைக்காரருக்கு ஓயாத தொல்லை சேறு. வாய்க்கால் தூர்ந்துவிட்டால் படகு போக வழியில்லை. அந்தச் சேற்றில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? மழை கரைத்த மேட்டு நிலத்து மண்தான் ஆற்று வழியே வந்து முகத்தில் படிகிறது. செபெத்தாங் ஆற்றில் வருவது நம் மலையின் மண் அல்ல. ஆனால் நம் மலையின் மண்ணும் எங்கோ ஒரு துறையைத் தேடித்தான் போகிறது. நம் பெர்த்தாம் ஆறு இயற்கையில் கிழக்கே ஓடிப் பகாங் ஆற்றோடு தென்சீனக் கடலுக்குப் போகவேண்டியது. 1960-களில் எழுந்த மின்திட்டம் அந்த நீரை ரிங்லெட்டில் அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் திருப்பியது. அந்த நீர் பாத்தாங் பாடாங் ஆற்றில் விழுந்து, பேராக் ஆற்றோடு சேர்ந்து, மலாக்கா நீரிணையை அடைகிறது. ரிங்லெட் ஏரியே சேறு நிறைந்து தூர்ந்து வருவதை நாம் கண்ணால் காண்கிறோம். ஏரியில் தங்கியதுபோக மிஞ்சியது எல்லாம் கீழே போகிறது.

ஆகவே மலையில் ஓர் ஓடைக்கரையை மொட்டையாக்கினாலும், லயத்துக்குப் பின்னால் உள்ள ஓடையில் ஒரு பிளாஸ்டிக் பையை வீசினாலும், அது யாரோ ஒரு மீனவரின் வலைக்கோ வாய்க்காலுக்கோ போய்ச் சேரும். கடற்கரையைப் பார்த்து வந்த பிள்ளைக்கு இதை ஒரு முறை சொன்னால் போதும். படத்தில் ஆற்றை வரையும்போது மலையில் தொடங்கி வெள்ளைத்தாளின் ஓரத்தோடு நிறுத்திவிடுவது பிள்ளைகளின் வழக்கம். துறையைக் கண்டு வந்த பிள்ளை அந்த ஆற்றைக் கடல்வரை வரையும். கடலோரத்தில் ஒரு வீட்டையும் படகையும் வரையும். அந்த வீட்டில் ஆள் இருப்பதையும் அறிந்திருக்கும்.

அடுத்த விடுமுறையில் எங்காவது போகலாம் என்று பேச்சு எழுந்தால், ஒரு துறைக்குப் போய் வாருங்கள். தொப்பியும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்குளிரில் பழகிய உடம்புக்குக் கரையின் வெயில் கடுமையாக இருக்கும். வளைவுப் பாதையில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு வயிறுமுட்டச் சோறு கொடுத்துப் படகேற்றாதீர்கள். தண்ணீரையும் வானத்தையும் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். மிதவைச் சட்டையை இறங்கும்வரை கழற்றாதீர்கள். வேலை செய்கிறவருக்கு வழிவிட்டு நில்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வந்த பிறகு, கண்டதைப் பிள்ளைகள் பத்து வரியாவது எழுதட்டும்.

எல்லாரும் நலமாகப் போய், நலமாகத் திரும்புங்கள்.